பேஸ் பெட்டி ஏன் சிலுவையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது

மைக் செட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, சவுண்ட் வைப்பது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. எந்த வயரை எதில் சொருக வேண்டும் என்பதை உங்கள் போன் என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். இப்போது வருகிற மிக்சர்களில் பாதி எனக்குப் பிடிபடுவதே இல்லை. அதனால்தான் கருங்கல் ஊரில் இருந்த மைக் செட் கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். இன்று நான் வந்தது ஒரு கோபத்தில்.

போன மாதம் சுசீந்திரம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் டிரம்ஸ் வாசிக்கிறவன் உட்காருவதற்கு முன்னாலேயே, உங்களில் ஒருவன் பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் ஸ்டூலோடு ஒட்டி வைத்தான். சும்மா இருக்க என்னால் முடியுமா?

"ஏலே, அத எதுக்குடே அங்கன கொண்டு வைக்க?"

"அண்ணாச்சிக்குத் தெரியாதா? இதுதான் சிலுவை ஸ்டைல்."

டிரம்ஸ்காரப் பையனும் பெருமையாகச் சிரித்தான். இந்த ஜில்லா முழுக்க இப்போது இப்படித்தான் வைக்கிறார்களாம். முதுகுக்குப் பின்னால் பேஸ் இருந்தால்தான் மெட்டல் அடி விழுமாம். சவம், எனக்கு வந்த ஆத்திரத்தில் பாயசம்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். நாஞ்சில் நாட்டுக் கல்யாணத்தில் பாயசத்தை விட்டுவிட்டு வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டிரம்ஸ் அடிக்கிற சிலுவையின் வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். ஆளைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு ஓரிரு வருடம் கழித்து, நாகர்கோவில் பக்கம் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பையன்கள் சிலர் ஒரு ஹெவி மெட்டல் பேண்ட் தொடங்கினார்கள். கறுப்புச் சட்டை, தோள் வரை முடி, பாட்டு முழுக்கத் தொண்டை கிழியக் கத்தல். அதுவரை நம் பக்கத்தில் பேண்ட் என்றால் சப்பரத்துக்கும் சவ அடக்கத்துக்கும் முன்னால் போகிற பேண்ட் செட்தான். கிட்டார் வாசிக்க ஆள் கிடைத்தது, கத்தவும் ஆள் கிடைத்தது. மெட்டலுக்கு வேண்டிய வேகத்தில் டிரம்ஸ் அடிக்க மட்டும் ஒருவரும் கிடைக்கவில்லை. அடித்தொனி தருகிற பேஸ் கிட்டாரை வாசித்த பினு என்கிற பையன் தேடி அலைந்து கடியப்பட்டணத்தில் ஒருவனைப் பிடித்து வந்தான். பங்குக் கோயில் பேண்ட் செட்டில் சின்ன வயதிலிருந்தே கொட்டடித்தவன். மற்ற நாட்களில் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போவான். பையன்களைவிடப் பத்து வயதாவது மூத்தவன். பெயர் சிலுவை.

முதல் முதலாக ஒரு கடற்கரை ஊர்த் திருவிழாவில் அவர்களுக்கு நான் சவுண்ட் வைத்தேன். வெயில் தாழ்ந்த நேரம், சோதித்துப் பார்ப்பதற்காக அவன் இரண்டு காலாலும் பெரிய டிரம்மை உதைக்க ஆரம்பித்தான். நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த டிரம்ஸ் எல்லாம் பிள்ளை விளையாட்டு என்று அப்போதுதான் தெரிந்தது. மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என்ன எளவுடே இது, வயித்துக்க உள்ள அடிக்குது!" என்று நின்றுவிட்டாள். பங்குச்சாமியார் அங்கி பறக்க ஓடி வந்தார்.

"சிலுவே, இது சாத்தான் பாட்டுன்னு சொல்லுகாவளே?"

"சாமி, நான் கும்பிட்டுட்டுத்தானே கம்ப எடுக்கேன். சாத்தான் வந்தா அவனயும் ஆட வச்சிருவோம்."

சாமியார் சிரித்துவிட்டார். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் குறைக்கவில்லை.

அன்றுதான் அவன் அந்தப் பெட்டியைக் கேட்டான். மேடையில் வாசிக்கிறவன் தன் பாட்டைத் தானே கேட்பதற்காக அவன் முன்னால் சிறிய பெட்டி ஒன்று வைப்போம், மானிட்டர். சிலுவை அதைக் காலால் தள்ளிவிட்டான்.

"இது எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. பேஸ் பெட்டிய எனக்க முதுகுப் பக்கம் வையும். ஸ்டூல்ல முட்டி இருக்கட்டும்."

"எதுக்குடே?"

"ஒரு குஷிக்கு."

கலைஞர்களுக்கு ஆயிரம் கிறுக்கு உண்டு. எலுமிச்சம்பழம் வைக்காமல் மைக்கைத் தொடாத பாடகர் உண்டு, செருப்போடு மேடையேறினால் சுரம் ஓடிவிடும் என்று நம்புகிறவர் உண்டு. இதுவும் அதுபோல ஒன்று என்று வைத்துக்கொடுத்தேன். அடுத்த சில வருடங்களில் அவர்கள் போகாத கல்லூரி இல்லை. ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பெட்டி அவன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரசிகர்களுக்கு அது பிடித்துப் போயிற்று. பெட்டியில் அவன் படத்தை வரைந்து கொடுத்தவர்கள்கூட உண்டு. பின்னாலிருந்து கூப்பிட்டால் ஆள் திரும்ப மாட்டான். பேர் வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

எனக்குத் தொழில் கற்றுத் தந்த முதலாளி அதிகம் பேசாதவர். அவர் தந்த உபதேசம் ஒன்றே ஒன்றுதான், அதையும் பிடரியில் தட்டித்தான் தருவார். "மிக்சர என்னலே பாக்க? அது எங்கயும் ஓடாது. மேடையப் பாரு." அந்தத் தட்டு எனக்கு ஒரு நாள் உதவியது.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய மைதானத்தில் பேண்டுகளுக்கான போட்டி. தேர்வு பெறுகிறவர்கள் பெங்களூர், புனே, ஷில்லாங் என்று ஊர் ஊராகப் போய் வெளிநாட்டு பேண்டுகளோடு ஒரே மேடையில் வாசிக்கலாம். நம் பையன்கள் கல்லூரி முடித்து, வேலைக்குப் போ என்று வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த சமயம். இதில் தேறினால் இசை, தேறாவிட்டால் ஆளுக்கொரு கம்பெனி. நிலைமை அப்படி. சவுண்ட் அங்குள்ள பெரிய கம்பெனியுடையது. தங்கள் பேண்டின் சத்தக் கலவையை மட்டும் நானே பார்க்க வேண்டும் என்று பையன்கள் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் மேடையைத் துடைத்து வைத்த தட்டு மாதிரி வைத்திருந்தார்கள். டிவிக்காரர்கள் படம் எடுப்பதால் மேடை மேல் ஒரு பெட்டியும் தெரியக்கூடாது. பேஸ் பெட்டியைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சிலுவை கெஞ்சிப் பார்த்தான். நடக்கவில்லை. நான் மைதானத்தின் நடுவில் மிக்சர் பக்கத்தில் இருந்தேன். இது எனக்குத் தெரியாது.

பாட்டு தொடங்கியது. முதலில் டிரம்ஸ் தனியாக வரும், பிறகு எல்லாரும் சேருவார்கள். தனியாக வந்தவரைக்கும் இடி. மற்றவர்கள் சேர்ந்ததும் டிரம்ஸ் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். கூட்டத்தில் சிலர் ஊளையிட்டார்கள். பினு வாசித்துக்கொண்டே டிரம்ஸ் பக்கம் ஓடினான். கத்தினான். சிலுவை அவன் வாயைப் பார்த்தான், விரல்களைப் பார்த்தான். பிறகு கழுத்தைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். தண்ணீரில் விழுந்தவன் கரையைத் தேடுகிற பார்வை அது.

வழி தவறின டிரம்மர் தன் முன்னால் இருக்கிற மானிட்டரைத்தான் பார்ப்பான், இன்னும் சத்தம் வை என்று கை காட்டுவான். இவன் ஏன் பின்னால் பார்க்கிறான்? அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவன் காதால் கேட்டு வாசிக்கிறவன் இல்லை. இத்தனை வருடமும் முதுகால் கேட்டிருக்கிறான். மாதாவே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

மேடைக்கு ஓடிப் பெட்டியை இழுத்துப் போடலாம். அதற்குள் பாட்டு முடிந்துவிடும். ஆனால் அடித்தொனிக்கான பெரிய பெட்டிகளை அந்தக் கம்பெனி மேடைப் பலகைக்கு அடியில்தான் அடுக்கியிருந்தது. நான் மிக்சரில் கிட்டாரின் சத்தத்தை இறக்கினேன், பாட்டையும் இறக்கினேன். பேஸ் கிட்டாரை மட்டும் அந்தப் பெட்டிகளுக்கு ஏற்றினேன், இனி ஏற்ற இடமில்லை என்கிற வரைக்கும். மைதானத்தில் நின்றவர்களுக்கு ஆட்டுக்கல் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்டிருக்காது. கம்பெனியின் சவுண்ட்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கி, என்ன வேலை செய்கிறீர் என்று மலையாளத்தில் கத்தினார்.

"சேட்டா, எந்தா ஈ காணிக்குன்னது? மிக்ஸ் மொத்தம் போயி!"

"போவட்டும். கைய எடும்."

மேடையில் பலகை அதிர்ந்தது. சிலுவை குனிந்து தன் கால்களைப் பார்த்தான். ஒரு நொடி கம்பை நிறுத்தினான். பிறகு விழுந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. அதன் பிறகு கிட்டாரையும் பாட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் போனில் பார்த்து வாய் பிளக்கிற வீடியோ அந்தப் பாட்டின் பின்பாதிதான். முன்பாதியை யாரோ வெட்டிவிட்டார்கள், நல்ல காரியம்.

அவர்கள் தேர்வானார்கள். பையன்கள் ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றினார்கள். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சிலுவை என்னைத் தனியே கூப்பிட்டான்.

"நேத்து பலகைய குலுக்கினது நீருதானே அண்ணாச்சி?"

"நாந்தான்."

"அப்பம் உமக்குத் தெரிஞ்சு போச்சு."

"எப்பம் தொட்டு இப்பிடி?"

நான் பேசும்போது அவன் கண் என் உதட்டில்தான் இருந்தது. அதையும் அன்றுதான் கவனித்தேன்.

"அது கொஞ்சம் காலமாச்சு. இடது செவி சுத்தமா போச்சு. வலதுல கொஞ்சம் கெடக்கு. கொட்டும் வள்ளத்து இஞ்சினும் சேந்து தின்னுட்டு. இனியும் கொட்டினா இருக்கியதும் போவும்னு நாகர்கோயில் டாக்டர் சொல்லியாச்சு."

"ஏலே, மொதல்லயே ரெண்டு பஞ்ச உருட்டி வச்சிருக்கப்பிடாதா?"

"பஞ்சு வச்சா பயலுவ சிரிப்பானுவன்னு வைக்கல்ல. மெட்டல் அடிக்கவன் பஞ்சு வைப்பானா?" அவனே சிரித்தான். பிறகு டீ கிளாசைக் கீழே வைத்தான். "எனக்க மோளுக்கு இப்பந்தான் பேச்சு வருகு அண்ணாச்சி. தெருவுல எல்லாருக்கும் அவ பேசுகது கேக்குது. எனக்கு வாய் அசையுகது மட்டுந்தான் தெரியுது. இவனுவகூடப் போனா, திரும்பி வரும்போ ஒரு துள்ளி மிச்சம் இருக்காது. போவாட்டி பயலுவளுக்க வாழ்க்கையில மண்ணு. எனக்கும் ஆசதான். இல்லன்னு பறஞ்சா பொய்."

"உனக்க வீட்டுக்காரி ரெஜினாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ எனக்குக் கொழுப்புன்னு நெனச்சிட்டு இருக்கா. அது கொள்ளாம், அப்பிடியே இருக்கட்டும்."

போ என்று சொன்னால் அந்தப் பிள்ளையின் குரலைப் பிடுங்கினவன் ஆவேன். போகாதே என்று சொன்னால் பினுவின் முகத்தில் எப்படி விழிப்பது? மிச்ச டீயைக் குடித்து முடித்தேன். அவன்தான் மறுபடி பேசினான்.

"நீரு சத்தத்தப் பெருசாக்குக ஆளுதானே. எனக்க பிள்ளைக்க சத்தத்த ஒருக்கா எனக்குப் பெருசாக்கித் தருவீரா? அத கேட்டுட்டு நான் முடிவு பண்ணுகேன்."

அவன் ஊர் சுற்றப் போகவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஏன் போகவில்லை என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறீர்கள். சாமியார் தடுத்தார், பையன்களோடு சண்டை, கடலில் கை ஒடிந்தது. ஒன்றும் உண்மை இல்லை. பையன்கள் பெங்களூரில் ஒரு டிரம்மரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில ஊர்களில் வாசித்தார்கள், பிறகு பேண்ட் கலைந்தது. பினு வெகுநாள் அவனோடு பேசாமல் இருந்தான், பிறகு அவனே வீடு தேடிப் போனான். சிலுவை இஞ்சின் வள்ளத்தையும் விட்டுவிட்டுக் கரையில் வலை வேலை பார்க்கிறான். காதில் மிஷின் வைத்திருக்கிறான். எந்த ஊர்த் திருவிழாவிலாவது பஞ்சு வைக்காமல் டிரம்ஸ் அடிக்கிறவனைக் கண்டால் நேரே மேடையேறிக் கம்பைப் பிடுங்கிவிடுவான். அதை யாரும் சிலுவை ஸ்டைல் என்று சொல்லக் காணோம்.

இத்தனை நாள் நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் அவன்தான். சுசீந்திரத்துக் கல்யாணத்தில் கண்டதை அவனிடம் போய்ச் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஸ்டைலாம், ஸ்டைலு! எல்லாத்தயும் பறஞ்சிரும் அண்ணாச்சி. எனக்கு இனி என்ன நாணம்?" என்றான்.

ஆகவே பறைகிறேன். மேடையில் ஒருவன் வழக்கத்துக்கு மாறாக ஒன்று கேட்டால் கொடுங்கள். ஏன் என்று கேளுங்கள். குஷிக்கு என்று சொன்னால் நம்பாதீர்கள், அவன் முகத்தைப் பாருங்கள். வயரும் மீட்டரும் அதற்குப் பிறகு. டிரம்ஸ்காரன் காதில் அடைப்பான் இல்லையென்றால் அவனுக்கு மைக் வைக்காதீர்கள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

டீக்கடையில் சிலுவை கேட்டதைச் செய்யப் போன மத்தியானத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து வந்த அந்த வாரமே, சின்ன மிக்சரையும் என்னிடம் இருந்ததில் நல்ல மைக்கையும் பெரிய ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு கடியப்பட்டணத்துக்குப் போனேன். ரெஜினா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, பெட்டியும் படுக்கையுமா? பிள்ளயயும் கொட்டடிக்கக் கூட்டிட்டுப் போவப் போறியளா?"

நான் சிரித்து மழுப்பினேன். சிலுவை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பிள்ளை ஜெனியை எதிரில் உட்கார வைத்தோம். அவள் மைக்கைப் பார்த்ததும் அதன் பஞ்சு உறையைத் தின்னப் பார்த்தாள். நான் சத்தத்தை மெல்ல ஏற்றினேன். அவன் இன்னும் என்று கை காட்டினான். ஏற்றினேன். இன்னும் என்றான். மிச்சமிருக்கிற காதையும் நானே கெடுத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு கோடாகத்தான் ஏற்றினேன்.

ரெஜினா கை கழுவிவிட்டு உள்ளே வந்து மைக்குக்குப் பக்கத்தில் குனிந்தாள். "என்னத்துக்கு இந்தக் கூத்து?"

சிலுவையின் முகம் மலர்ந்தது. "ஏட்டி, நீ பறையது கேக்குது!"

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அவன் தலையில் இருந்ததைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பம்... இம்புட்டு நாளும் நான் ஏசினது?"

"ஒண்ணும் கேக்கல்ல."

"ஒண்ணுமேயா?"

"நீ வாய அசைப்ப, நான் தலைய ஆட்டுவேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் முதுகில் ஓங்கி அடித்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "பாவி, ஒரு வார்த்த எனக்கிட்டச் சொன்னா என்ன?" என்றாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மிக்சரைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

பிள்ளை மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்பா சொல்லு என்றோம். மீன் சொல்லு, பூனை சொல்லு என்றோம். மிட்டாய் காட்டினோம். நாள் முழுக்க மழலை பேசுகிற பிள்ளை, மைக்கைக் கண்டதும் புது மருமகள் மாதிரி இருந்துவிட்டது. சிலுவை காத்திருந்தான். வாசலில் கோழி கிளறுகிற சத்தம்கூட அவனுக்குக் கேட்டதோ என்னவோ, அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தான். ஜெனியின் சத்தம்தான் வரவில்லை. கடைசியில், "சாரமில்ல அண்ணாச்சி, விடும்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். ஹெட்போனைக் கழற்றாமல், முகத்தை எங்களுக்குக் காட்டாமல், வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அப்பாவின் முதுகைப் பார்த்ததும் பிள்ளை இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்து வாய்க்குப் பக்கத்தில் இழுத்தது.

"ஓய்! செவி கேக்கல்லியா?"

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் அவள் அவனிடம் கேட்கிற கேள்வி அது. பிள்ளை அப்படியே படித்து வைத்திருக்கிறது, இடுப்பில் கை வைக்காதது ஒன்றுதான் குறை.

சிலுவை திரும்பினான். திரும்பின வேகத்தில் வயர் இழுபட்டு மிக்சர் என் மடியில் வந்து விழுந்தது. அவன் பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் விழுந்து, தன் சத்தம் எவ்வளவு பெரிது என்று தெரியாதவன், தெருவே கேட்கும்படி கத்தினான்.

"கேக்குது மோளே! அப்பாவுக்குக் கேக்குது!"